ஐகான் ஓவியம்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டில் ஐகான் வரைந்தும், விரும்புகிறவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும்போதும், சேலத்துப் பங்கு ஆலயங்களில் ஓவியங்களைப் பார்வைக்கு வைக்கும்போதும் மக்கள் கேட்கிற கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கேட்பவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, சி.எஸ்.ஐ. சபையாரும் உண்டு, பெந்தெகொஸ்தே சபையாரும் உண்டு, கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் உண்டு.

ஐகான் என்றால் என்ன? காலண்டரில் வருகிற இயேசு படத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

கிறிஸ்துவையோ, அவருடைய தாயையோ, புனிதர்களையோ, மீட்பு வரலாற்றின் நிகழ்ச்சிகளையோ, திருச்சபை வழிவழியாகக் காத்துவரும் உருவ அமைப்பின்படி, இறைவேண்டலுக்காக வரைகிற ஓவியமே ஐகான். கிரேக்கம், உருசியா, எகிப்து முதலிய கிழக்குத் திருச்சபைகளில் இந்த மரபு அறுபடாமல் வந்திருக்கிறது. மேற்கிலும் ஒரு காலத்தில் இதுவே பொது மரபாக இருந்தது. அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் எந்தச் சிலுவையின் முன் மண்டியிட்டு வேண்டியபோது அழைப்பைக் கேட்டாரோ, அந்தச் சான் தமியானோ சிலுவையும் ஐகான் மரபில் வரையப்பட்டதுதான்.

காலண்டர் படங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவின் பிற்கால ஓவிய மரபிலிருந்து வந்தவை. அவை நம் இரக்கத்தையும் கண்ணீரையும் தூண்ட முயல்கின்றன. அதில் குற்றம் ஒன்றுமில்லை. அந்தப் படங்களின் முன் முழங்காலிட்டே நம் பாட்டிமார் செபமாலை சொன்னார்கள். ஐகானின் நோக்கம் வேறு. இவர் யார் என்பதை அது அறிக்கையிடுகிறது. அதனால்தான் ஐகானில் உரியவரின் பெயரை எழுதுவது கட்டாயம். பெயர் எழுதாதவரை அது முற்றுப்பெற்றதாகக் கொள்ளப்படுவதில்லை.

எங்கள் வீட்டில் ஐகான் எதுவும் இல்லையே. நாங்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறோம்?

பார்த்திருக்கிறீர்கள். இடைவிடா சகாய மாதா படம் ஓர் ஐகான்தான். சேலம் குழந்தை இயேசு பேராலயத்துப் பங்குமக்கள் வீடுகளிலும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளர் வீடுகளிலும், கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருக்கும் அந்தப் படத்தின் மூலம் உரோமையில் புனித அல்போன்சு ஆலயத்தில் இருக்கிறது. மரப்பலகையில் வரையப்பட்ட சிறிய ஓவியம் அது. உயரம் ஏறக்குறைய 53 செ.மீ., அகலம் 41 செ.மீ. கிரேக்கத்தின் கிரேத்துத் தீவு ஓவிய மரபைச் சேர்ந்தது. 1866-இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அதை இரட்சகர் சபைத் துறவிகளிடம் ஒப்படைத்த பிறகுதான் அதன் படிகள் உலகெங்கும் பரவின.

அடுத்த முறை நவநாளுக்குப் போகும்போது அதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். மேலே இரண்டு பக்கமும் இரண்டு வானதூதர்கள் சிறிதாக இருக்கிறார்கள். நமக்கு இடப்பக்கத்தில் இருக்கும் மிக்கேல் ஈட்டியையும், கடற்பஞ்சு செருகிய கோலையும், புளித்த திராட்சை இரசக் கிண்ணத்தையும் ஏந்தியிருக்கிறார். வலப்பக்கத்துக் கபிரியேலின் கைகளில் சிலுவையும் ஆணிகளும் இருக்கின்றன. அதாவது, குழந்தை தன் பாடுகளின், அதாவது வரப்போகும் சிலுவைத் துன்பத்தின், கருவிகளைக் காண்கிறது. கண்டு, தலையைத் திருப்பி, தாயின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்கிறது. ஒரு காலின் மிதியடி வார் கழன்று தொங்குகிறது; தாயிடம் ஓடிவந்த வேகத்தில் கழன்றது என்று பக்தர்கள் விளக்குவார்கள்.

தாயோ குழந்தையைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார். தேற்ற வேண்டிய குழந்தை கையில் இருக்க, அவர் ஏன் நம்மைப் பார்க்கிறார்? அந்தக் குழந்தை யாருக்காகச் சாகப் போகிறதோ அவர்கள் படத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதால். பின்னால் வானம் இல்லை, வீடு இல்லை, மரம் இல்லை. தங்கம் மட்டுமே இருக்கிறது. சாவின் கருவிகள்கூட அந்தத் தங்க ஒளிக்குள்தான் காட்டப்படுகின்றன. கிரேக்க எழுத்துகள் 'கடவுளின் தாய்' என்றும் 'இயேசு கிறிஸ்து' என்றும் அறிவிக்கின்றன. மனுவுருவேற்பும் (கடவுள் மனிதர் ஆனதும்) பாடுகளும் உயிர்ப்பும் ஒரு முழ உயரத்துப் பலகையில் ஒன்றாக நிற்கின்றன. ஐகான் இறையியலைக் கற்பிக்கத் தொடங்கும்போது நான் வேறெந்தப் படத்தையும் தேடிப் போவதில்லை.

பத்துக் கட்டளைகள் உருவம் செய்யக் கூடாது என்கின்றன. இது சிலை வழிபாடு ஆகாதா?

இந்தக் கேள்வியை அக்கறையோடு கேட்கிறவர்களை நான் மதிக்கிறேன். சீர்திருத்தச் சபைப் பணி அமைப்பான லண்டன் மிஷன் மரபில் வளர்ந்த சபைகளின் ஆலயங்களில் வெறும் சுவரும் திருமறை வசனமும் மட்டுமே இருப்பதற்குப் பின்னால் உண்மையான கடவுளச்சம் இருக்கிறது.

விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 20-ஆம் அதிகாரம் உருவங்களைத் தடைசெய்கிறது. அதே நூலின் 25-ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பேழையின் மேல் பொன்னால் கெருபுகளை (சிறகுள்ள வானதூதர்களை) செய்யும்படி அதே கடவுள் கட்டளையிடுகிறார். பாலைநிலத்தில் மோசே வெண்கலப் பாம்பு செய்ததும் அவருடைய சொற்படியே. பிற்காலத்தில் மக்கள் அந்தப் பாம்புக்கே தூபம் காட்டத் தொடங்கியதும், எசேக்கியா அரசர் அதை உடைத்துப்போட்டார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். உருவத்தை அனுமதித்ததும் திருநூல்தான், அது தன் எல்லையைத் தாண்டியபோது உடைத்தவரைப் பாராட்டுவதும் திருநூல்தான். எசேக்கியாவின் சுத்தியலை மறந்துவிட்ட ஓவியர் ஆபத்தானவர் என்று என் மாணவர்களிடம் சொல்லுவேன்.

ஆனால் முதன்மையான பதில் பழைய ஏற்பாட்டில் இல்லை; யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. வாக்கு மனிதர் ஆனார். கண்ணுக்குப் புலப்படாத கடவுளை யாரும் வரைய முடியாது, முயல்வதும் தவறு. ஆனால் நாசரேத்தூர் இயேசுவுக்கு முகம் இருந்தது. அந்த முகத்தைக் கண்டவர்கள் இருந்தார்கள். எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் லியோ ஐகான்களுக்கு எதிராகக் கிளம்பியபோது, தமஸ்கு நகர யோவான் வாதிட்டது இதைத்தான்: பருப்பொருளை நான் ஆராதிப்பதில்லை, எனக்காகப் பருப்பொருளாக ஆன, அதைப் படைத்தவரையே ஆராதிக்கிறேன் என்றார் அவர். அப்போது அவர் பேரரசரின் கை எட்டாத இஸ்லாமிய ஆட்சிப் பகுதியில், எருசலேமுக்கு அருகே ஒரு துறவு மடத்தில் இருந்தார்.

787-இல் கூடிய இரண்டாம் நிக்கேயா பொதுச்சங்கம் (திருச்சபை ஆயர்களின் பேரவை) இந்த வழக்கைத் தீர்த்து வைத்தது. ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. ஐகானுக்குச் செலுத்துவது மதிப்பும் வணக்கமுமே. அந்த மதிப்பும் படத்தோடு நின்றுவிடாமல் படத்தில் இருப்பவரைச் சென்றடைகிறது என்று சங்கம் வரையறுத்தது. அதன் பிறகும் ஒரு முறை ஐகான்கள் ஒடுக்கப்பட்டு, 843-இல்தான் அவை நிலையாக மீண்டன. கிழக்குத் திருச்சபைகள் அந்த நாளைத் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று இன்றும் கொண்டாடுகின்றன.

அந்தக் காலத்து எதிர்வாதம் ஒன்று மிகக் கூர்மையானது. கிறிஸ்துவை வரைந்தால், ஒன்று அவருடைய இறைத்தன்மையை விட்டுவிட்டு மனிதத்தன்மையை மட்டும் வரைகிறாய், இல்லையேல் இரண்டையும் குழப்புகிறாய் என்றார்கள். ஸ்தூதியோஸ் மடத்துத் தியோதோர் அதற்கு விடை சொன்னார்: ஐகான் காட்டுவது ஒரு தன்மையை அன்று, ஓர் ஆளை. நாம் மரியாவையோ பேதுருவையோ சந்திக்கும்போது மனிதத்தன்மை என்ற பொதுப்பொருளைச் சந்திப்பதில்லை, அவர்களையே சந்திக்கிறோம். ஐகானின் முன் நிற்கும்போது நிகழ்வதும் ஓர் ஆளுடன் சந்திப்பே. எனக்குத் தெரிந்தவரையில் ஐகானைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றுள் இதைவிட ஆழமானது வேறில்லை.

முகங்கள் ஏன் இயற்கையாக இல்லை? பெரிய கண், சிறிய வாய், நிழலே இல்லாத உடல்?

ஐகானில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுவதில்லை. அதனால் நிழல் தரையில் விழுவதும் இல்லை. முகத்துக்கு முதலில் கருமையான பச்சையோ பழுப்போ பூசி, அதன்மேல் காவி நிறங்களை இருளிலிருந்து ஒளிக்குப் படிப்படியாக ஏற்றி, கடைசியில் கண்ணின் கீழும் நெற்றியிலும் சில மெல்லிய வெள்ளைக் கோடுகளை இடுகிறோம். ஒளி உள்ளிருந்து வருவதாக அப்போது தோன்றும். உயிர்த்தெழுந்தோரின் வாழ்வை வரைகிறோம் என்பதால் இந்த முறை. மேசை, அரியணை, கட்டடம் ஆகியவற்றின் கோடுகள் தொலைவில் ஒன்றுசேராமல் நம்மை நோக்கி விரிவது போல் பல ஐகான்களில் இருக்கும். நாம் படத்தைப் பார்க்கிறோம் என்பதோடு, படத்தில் இருப்பவர் நம்மைப் பார்க்கிறார் என்பதும் அதில் அடங்கும்.

சீனாய் மலை புனித கத்தரீன் மடத்தில் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்துவின் ஐகான் ஒன்று இருக்கிறது. அதில் முகத்தின் ஒரு பாதி அமைதியாகவும் மறு பாதி கண்டிப்பாகவும் இருக்கிறது. இயற்கைக்கு ஒவ்வாதது போல் தோன்றும் அந்த முகம், இரக்கமும் நீதியும் ஒருவரிடத்திலேயே இருப்பதைச் சொல்லுகிறது என்று பலரும் விளக்குவார்கள். நானும் அப்படியே பார்க்கிறேன்.

பழையதைப் பார்த்து அப்படியே வரைவதுதானே இது? தற்கால ஐகான் என்று ஒன்று உண்டா?

உண்டு, அதன் கதையும் சுவையானது. பதினேழாம் நூற்றாண்டுக்குப் பிறகு உருசியாவிலும் கிரேக்கத்திலும்கூட ஐகான் ஓவியர்கள் மேற்கத்திய பாணிக்கு மாறிவிட்டார்கள். பழைய ஐகான்களோ வார்னிஷ் கறுத்து, மேலே மேலே புதிய வண்ணம் பூசப்பட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் கிடந்தன. பதினைந்தாம் நூற்றாண்டின் உருசிய ஓவியர் அந்திரேய் ருப்லேவ் வரைந்த மூவொரு கடவுள் (தந்தை, மகன், தூய ஆவி) ஐகானை 1904-இல் சுத்தம் செய்யத் தொடங்கியபோதுதான், அழுக்குக்கு அடியில் அந்த நீலமும் பச்சையும் வெளிப்பட்டன. ஆபிரகாமின் வீட்டுக்கு வந்த மூன்று விருந்தினரை, ஒரே கிண்ணத்தைச் சுற்றி, ஒருவருக்கொருவர் தலைசாய்த்து அமர்ந்திருப்பவர்களாக வரைந்த ஓவியம் அது. தந்தையாகிய கடவுளை நரைத்த தாடியுள்ள முதியவராக வரையாமலேயே மூவொரு இறைவனைப் பற்றிப் பேசலாம் என்பதற்கு அதுவே சான்று.

இருபதாம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் போத்திஸ் கோந்தோக்லுவும், பாரிஸில் குடியேறிய உருசியர்களான லெயோனித் உஸ்பென்ஸ்கியும் துறவி கிரிகோரி குருக்கும் இந்த மரபை மீட்டெடுத்தார்கள். உஸ்பென்ஸ்கியிடம் பயின்ற எகிப்தியர் இசாக் ஃபானூஸ் நாடு திரும்பி, எகிப்தின் பழமையான கோப்து திருச்சபைக்கென ஒரு புதிய ஓவிய மொழியையே உருவாக்கினார். 2015-இல் லிபியாக் கடற்கரையில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட 21 தொழிலாளர்களுக்குச் சில நாள்களிலேயே ஐகான் வரையப்பட்டது. அவர்களில் ஒருவர் கானா நாட்டவர், மற்றவர்கள் கோப்து கிறிஸ்தவர்கள். உக்ரைனில் 2014 முதல் போர்க்களத்துத் தோட்டாப் பெட்டிகளின் பலகைகளிலேயே ஐகான் வரைகிறார்கள். ஆணித் துளையும் எழுத்து முத்திரையும் தெரிய அந்தப் பலகை அப்படியே விடப்படுகிறது. மரபு மாறவில்லை, முகத்தின் அமைப்பு மாறவில்லை. ஆனால் சாவுக்காகச் செய்த பலகை உயிருள்ள ஆண்டவரைத் தாங்கி நிற்கிறது. தற்கால ஐகான் என்று நான் சொல்லுவது இத்தகையதைத்தான். ஓவியரின் தனித்துவத்தைக் காட்டுவதற்காக உருவத்தை வளைத்தும் உடைத்தும் பார்ப்பதை நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

கத்தோலிக்கருக்கு இது அந்நியம் என்று நினைக்கவும் வேண்டாம். இரண்டாம் நிக்கேயா பொதுச்சங்கத்தின் 1200-ஆம் ஆண்டையொட்டித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் ஐகான்களைப் பற்றி ஒரு மடலே எழுதினார்.

இயேசுவைத் தமிழராக வரையலாமா?

வேளாங்கண்ணி மாதாவுக்குச் சேலை உடுத்திப் பழகிய மக்கள் நாம். ஆகவே இந்தக் கேள்வி இயல்பாகவே எழுகிறது. பெங்களூருக்கு அருகே ஜோதி சாஹி போன்ற ஓவியர்கள் இந்திய வடிவங்களில் கிறிஸ்துவை வரைவதற்கே வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த முயற்சியிலிருந்து நான் நிறையக் கற்றிருக்கிறேன்.

ஐகானைப் பொறுத்தவரை என் நிலை இது. மனுவுருவேற்பு என்பது பொதுவான மனிதராக ஆவது அன்று. யூத குலத்தில், ஒரு குறிப்பிட்ட தாயின் மகனாக, பிலாத்து ஆண்ட காலத்தில் மனிதர் ஆவது. அந்தக் குறிப்பிட்ட தன்மையை அழித்துவிட்டால் ஐகானின் வேரே அறுந்துபோகும். எனவே கிறிஸ்துவின் முகத்தில் மரபு காத்துவந்த அடையாளங்களை நான் மாற்றுவதில்லை: நடுவில் வகிடெடுத்த நீண்ட கூந்தல், தாடி, சிலுவை பொறித்த ஒளிவட்டம். ஆனால் எத்தியோப்பியர் வரைந்த கிறிஸ்து எத்தியோப்பிய நிறத்தில் இருக்கிறார், உருசியர் வரைந்தவர் உருசியச் சாயலில் இருக்கிறார், யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை. வெயில் பட்ட கோதுமை நிறத்தில் நாம் வரைந்தால் அது உண்மையான கலிலேயருக்கு ஐரோப்பியப் படங்களைவிட நெருக்கமாகவே இருக்கும். ஒளிவட்டத்தின் அருகில் பெயரைத் தமிழில் எழுதுவதும் முழுக்கவே சரி.

நம் மண்ணுக்கு முழு உரிமையுள்ள இடம் வேறொன்று இருக்கிறது: நம் மண்ணின் புனிதர்கள்.

புனித தேவசகாயத்தை ஐகானாக வரைய முடியுமா? அவருக்கு மரபான உருவமே இல்லையே?

இப்போது நான் அதிகம் ஈடுபட்டிருப்பது இந்தக் கேள்வியில்தான். 1745-இல் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவருக்கு, 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. குருவோ துறவியோ அல்லாத இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். மக்களிடையே வழங்கும் படங்களில் விலங்கு பூட்டிய கைகளைக் கூப்பி, வேட்டியோடு முழங்காலிட்டிருக்கிறார். பல படங்களில் இரத்தமும் காயமும் மிகுதி.

ஐகான் மரபு மறைசாட்சியை, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவரை, துன்புறுகிறவராகக் காட்டுவதில்லை, வென்றவராகக் காட்டுகிறது. அவர் எதை வென்றார் என்பதைச் சொல்ல, துன்பத்தின் கருவி ஓர் அடையாளமாக மட்டும் நிற்கும். எனவே விலங்கு இருக்க வேண்டும். ஆனால் அது அவரை இழுக்கக் கூடாது. நான் வரைகிற அமைப்பில் அவர் நேராக நின்று நம்மைப் பார்க்கிறார். கையில் மறைசாட்சியின் சிலுவை. மணிக்கட்டிலிருந்து சங்கிலி தொங்கினாலும் அதன் கண்ணிகள் ஒவ்வொன்றின் விளிம்பிலும் மெல்லிய பொற்கோடு ஓடுகிறது. ஆடையில் தெய்வ ஒளியைக் காட்ட இடுகிற அதே கோடு. எருமையின் மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து அவரை ஊர்வலமாக இழுத்துச் சென்றதைப் பெரிய உருவத்தைச் சுற்றிய சிறு கட்டங்களுள் ஒன்றில் வைக்கலாம்; வாழ்க்கை நிகழ்ச்சிகளை அப்படிச் சுற்றி வரைவது பழைய வழக்கமே. பாறையை வரையும்போது ஐகானின் படிக்கட்டு போன்ற மலை வடிவத்தையே பின்பற்றுகிறேன். அந்த வடிவம் காற்றாடிமலைக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

ஓரியூரில் 1693-இல் தலைவெட்டப்பட்ட இயேசு சபைத் துறவி அருளானந்தருக்கும் இப்படியே ஒரு வடிவம் உருவாக வேண்டும். ஓர் ஓவியர் தனியாக முடிவுசெய்கிற காரியம் இல்லை இது. மக்கள் அதன் முன் வேண்டிப் பழகி, ஆயர்கள் ஏற்று, அடுத்த ஓவியர் திருத்தி, தலைமுறைகள் கடந்தே ஓர் உருவம் நிலைபெறும்.

பொருள்கள் இங்கே கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும். தஞ்சாவூர் ஓவியம் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும்: பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, சுண்ணப் பூச்சு, தங்கத் தாள் என்ற வரிசை இரண்டுக்கும் ஒன்றே. ஐகானில் பூச்சு மேடாக எழும்புவதில்லை, கல் பதிப்பதும் வழக்கமில்லை.

தேக்கு எண்ணெய்ப்பசை உள்ள மரம் என்பதால் வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சி எடுக்கும் பசை) சரியாகப் பிடிக்காது. நன்கு உலர்ந்த பலாப் பலகை நல்லது. மரைன் பிளைவுட்டும் போதும். காய்ச்சிய வஜ்ஜிரத்தில் சாக் பவுடரைக் கலந்து, மெல்லிய பூச்சாகப் பல முறை பூசித் தேய்க்க வேண்டும். ஏற்காட்டு அடிவாரத்தில் ஆங்கிலேயர் சாக் ஹில்ஸ் என்று பெயரிட்ட வெள்ளைக்கல் குன்றுகளில் கிடைப்பது சாக் இல்லை, மாக்னசைட். ஆகவே அதைப் பொடித்துக் கொண்டுவர வேண்டாம். தங்கம் ஒட்டும் இடத்தில் சிவந்த களிமண்ணைப் பூசி மெருகேற்றி, அதன்மேல் வாயால் ஆவி ஊதினால் மண் ஈரமாகும். அந்தக் கணத்திலேயே தங்கத் தாளை வைத்துவிட வேண்டும். மண்ணால் மனிதரை உருவாக்கி உயிர்மூச்சை ஊதிய கடவுளை அந்த நேரத்தில் நினையாதிருக்க முடியாது.

வண்ணத்தைக் குழைப்பது முட்டையின் மஞ்சள் கருவில். பக்கத்தில் நாமக்கல் இருக்கும்போது முட்டைக்குப் பஞ்சமில்லை. வெள்ளைக் கருவை முழுதும் வடித்துவிட்டு, மஞ்சள் கருவை உள்ளங்கையில் மாற்றி மாற்றி உருட்டி ஈரம் போக்கி, அதன் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, அடியில் ஊசியால் குத்தினால் கரு மட்டும் கிண்ணத்தில் வடியும். தோல் கையில் நின்றுவிடும். அதோடு கொஞ்சம் தண்ணீரும் சில துளி வினிகரும் சேர்க்க வேண்டும்.

இங்குள்ள உண்மையான சிக்கல் பருவநிலை. ஏற்காட்டின் மழைக்கால மூடுபனியில் வஜ்ஜிரப் பூச்சு ஈரத்தை இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். அங்கே வரைந்த பலகையை அன்றைக்கே கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிச் சேலத்து வெயிலில் வைத்தால், மரம் சுருங்கிப் பூச்சு விரிசல் விடும். துணியில் சுற்றி, சில நாள் நிழலான அறையில் பழகவிட்டு எடுக்க வேண்டும். வீட்டில் மாட்டியபின் ஈரமான மல்லிகைச் சரத்தைப் படத்தின்மேல் படும்படி சாத்தாதீர்கள், பொட்டும் வைக்காதீர்கள். மலரைப் படத்துக்குக் கீழே வைத்தாலும் மரியாதை குறையாது.

நோன்பிருந்துதான் வரைய வேண்டுமா?

வேண்டிக்கொண்டே வரைய வேண்டும். நோன்பு அவரவர் உடல்நிலையையும் ஆன்ம வழிகாட்டியின் சொல்லையும் பொறுத்தது. ஆனால் வழிபாட்டில் பங்குகொள்ளாமல் ஐகான் மட்டும் கற்க வருகிறவர்களுக்கு, முதலில் ஆலயத்துக்கு வாருங்கள் என்றுதான் சொல்லுவேன்.

செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் ஐகான் செய்துதருகிறதே?

ஐகான் போன்ற படத்தைச் செய்துதருகிறது. வாட்ஸ்அப்பில் வருகிற அப்படங்கள் பலவற்றில் ஆசி வழங்கும் விரல்கள் பிழையாக இருக்கும், எழுத்துகள் எழுத்தாகவே இரா. அவை திருந்திவிட்டாலும் என் பதில் மாறாது. ஐகான் ஒரு விசுவாச அறிக்கை. அறிக்கையிட ஒரு விசுவாசி வேண்டும்.

அச்சிட்ட படத்தின் முன் வேண்டலாமா?

தாராளமாக வேண்டலாம். உங்கள் வீட்டுச் சகாய மாதா அச்சுப் படம்தான். அதில் இருக்கும் முகம் அதே முகம்.

மங்கிப்போன பழைய படத்தை என்ன செய்வது?

குப்பையில் போட வேண்டாம். ஆலய மதிலோரம் விட்டுச் செல்லவும் வேண்டாம். மந்திரிக்கப்பட்ட (குரு ஆசீர்வதித்த) படமானால் சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு, படத்தை எரித்துச் சாம்பலைக் கால் படாத இடத்தில் புதைக்கலாம், அல்லது படத்தையே புதைக்கலாம். மரப்பலகையில் வரைந்ததாக இருந்தால் எரிப்பதற்கு முன் ஓர் ஓவியரிடம் காட்டுங்கள்; வார்னிஷ் கறுத்திருப்பதால் மட்டுமே மங்கியிருக்கக்கூடும், அதைச் சுத்தம் செய்ய முடியும்.